பரணுக்கு ஒரு பாரந்தூக்கி

ரப்பர் தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்குச் சுமை தூக்குதல் புதிதன்று. விடியற்காலையில் பால் வாளியுடன் தொடங்கும் சுமை, ஒட்டுப்பால் மூட்டை, உர மூட்டை, அரிசி மூட்டை, மாட்டுத் தீவன மூட்டை என நாள்தோறும் தொடர்கிறது. தரையில் சுமப்பதற்கே முதுகு வருந்தும்போது, ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஏணி வழியே பரணுக்குச் செல்வது எத்துணை இடர் மிகுந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஏணியில் ஏறுபவருக்கு இரு கைகளும் ஏணிக்கே தேவை. ஒரு கை மூட்டையைப் பற்றிய அக்கணமே அவருடைய உயிர் மற்றொரு கையில் தொங்குகிறது.

வயது வந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவிற்கு மேற்படலாகாது என அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே பரிந்துரை செய்தது. அதுவும் உச்ச வரம்பேயன்றி, நாள்தோறும் சுமக்கத்தக்க அளவன்று. நாம் பரணில் ஏற்றும் தீவன மூட்டையோ 50 கிலோ. தோளுக்கு மாற்றாக ஒரு பொறியைத் தேடுவது சோம்பல் ஆகாது; அஃது அறிவுடைமையே ஆகும்.

ஆதலின், கொட்டகைப் பரணுக்குச் சுமை ஏற்றக்கூடிய எளிய கைச்சுழல் பாரந்தூக்கி ஒன்றை நாமே அமைத்துக்கொள்ளும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

பரண் ஏன் வேண்டும்?

மழை மிகுந்த நமது நாட்டில் தரை எப்பொழுதும் ஈரம் உடையது. தரையில் அடுக்கிய அரிசியும், செம்பனை விதைப் புண்ணாக்கும் விரைவில் பூசணம் பிடிக்கின்றன. உலர்த்திய ரப்பர் சீட்டுகளுக்கும் அதே கதி நேர்கிறது. எலியும் கறையானும் எஞ்சியதைப் பார்த்துக்கொள்கின்றன.

இவற்றினும் பெரியது வெள்ளம். 1971 சனவரியிலும், 2014 டிசம்பரிலும், 2021 டிசம்பரிலும் நாட்டின் பல பகுதிகளில் பெருகிய வெள்ளத்தை நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று ஆண்டுதோறும் அந்த அச்சத்தைப் புதுப்பிக்கிறது. வீட்டுக்குரிய அரிசியும் மாட்டுக்குரிய தீவனமும் மழைக்காலம் தொடங்குமுன்னரே உயரத்தில் இருக்குமானால், ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பு நீரில் கரையாமல் தப்பும்.

பளு குறையும் விதம்

கிணற்றில் நீர் இறைக்கும் கப்பியை நாம் அறிவோம். அந்தக் கப்பி சுமையைக் குறைப்பதில்லை. மேல் நோக்கி இழுப்பதற்கு மாறாகக் கீழ் நோக்கி இழுக்க இடம் தருகிறது. அவ்வளவே. 50 கிலோ மூட்டையை அவ்வாறு ஏற்ற வேண்டுமாயின், நாமும் 50 கிலோ அளவிற்கு இழுத்தே தீர வேண்டும்.

இங்கே பலரும் கவனியாத ஓர் உண்மை உண்டு. கப்பி தொங்கும் உத்திரம் தாங்குவது 50 கிலோ அன்று. ஒரு புறம் மூட்டையின் 50 கிலோ; மறு புறம் நாம் கீழே இழுக்கும் 50 கிலோ. ஆக, உத்திரத்தின் மீது 100 கிலோ விழுகிறது. மூட்டையின் எடையை மட்டும் எண்ணி மெலிந்த மரத்தில் கப்பியைக் கட்டியவர்கள் உத்திரம் முறிந்த பின்னரே இதனை உணர்வர்.

இப்பொழுது கயிற்றின் ஒரு முனையை உத்திரத்திலேயே கட்டிவிட்டு, சுமையுடன் சேர்ந்து மேலேறும் மற்றொரு கப்பியின் கீழாக அக்கயிற்றைச் செலுத்துவோம். இதனை இயங்கு கப்பி என்பர். மூட்டையின் பாரத்தைக் கயிற்றின் இரு பிரிகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு பிரியிலும் 25 கிலோ மட்டுமே நிற்கும். நம் இழுப்பும் 25 கிலோவாகக் குறைகிறது. உத்திரம் தாங்கும் மொத்தப் பாரமும் 100 கிலோவிலிருந்து 75 கிலோவாக இறங்குகிறது.

அடுத்து, அந்த 25 கிலோவை இழுக்க உருளையும் கைப்பிடியும் துணை செய்கின்றன. ரப்பர் சீட்டு உருட்டும் கை இயந்திரத்தில் நீண்ட கைப்பிடி கனத்த உருளையை எவ்வாறு எளிதாகச் சுழற்றுகிறதோ, அதே முறைதான் இதுவும். உருளையின் குறுக்களவு 12 சென்டிமீட்டர். கயிற்றின் தடிப்பு 12 மில்லிமீட்டர். கைப்பிடியின் நீளம் 36 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். சுமை 3 மீட்டர் உயர, கயிறு 6 மீட்டர் சுற்றப்பட வேண்டும். அதற்கு உருளை ஏறக்குறைய 14½ சுற்றுச் சுழல வேண்டும். அதற்குள் நம் கை செல்லும் தூரமோ ஏறக்குறைய 33 மீட்டர்.

சுமை சென்றது 3 மீட்டர். கை சென்றது 33 மீட்டர். பதினொரு மடங்கு தூரம் சென்றதால், பதினொன்றில் ஒரு பங்கு விசை போதுமானதாகிறது. 50 கிலோ மூட்டைக்குக் கையில் தெரிவது ஏறக்குறைய 4½ கிலோ. கப்பியிலும் அச்சிலும் ஏற்படும் உராய்வைச் சேர்த்தால் 6 அல்லது 7 கிலோ ஆகலாம். வலிமை குன்றிய முதியவரும் இதனைச் சுழற்றலாம். பொறி எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசையில் மிச்சப்பட்டதைத் தூரத்திலும் நேரத்திலும் பெற்றுக்கொள்கிறது. இந்தக் கணக்கை உணர்ந்தவர் எந்தப் பாரந்தூக்கியையும் அமைக்கலாம்.

தேவையான பொருள்கள்

உத்திரத்திற்கு 4 அங்குலத்துக்கு 6 அங்குலக் கடின மரம் ஒன்று. துணைத்தூணுக்கு 4 அங்குலச் சதுர மரம் ஒன்று. 12 சென்டிமீட்டர் குறுக்களவும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள உருண்டைக் கடின மரம் ஒன்று. அச்சுக்கு 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள கெட்டி இரும்புத் தண்டு. சக்கரத்துடன் கூடிய இரும்புக் கப்பிகள் மூன்று. 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள புதிய நைலான் கயிறு 16 மீட்டர். வாய் மூடியுள்ள கொக்கி ஒன்று. பற்சக்கரமும் தடைநாக்கும் ஓர் இணை. தேவையான போல்ட்டுகளும் நட்டுகளும்.

கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக ரப்பர் மரத்தை உத்திரத்திற்குப் பயன்படுத்தலாகாது. மருந்தூட்டிப் பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் பூசணமும் துளைப்பூச்சியும் கறையானும் விரைவில் அழித்துவிடும். வெளித்தோற்றம் நன்றாக இருக்க, உள்ளே மாவாகிப்போன மரமே மிகவும் ஆபத்தானது. பாலாவ் போன்ற கடின மரமே ஏற்றது.

கயிறும் அவ்வாறே. பழைய கயிறு, வெயிலில் கிடந்து வெளுத்த கயிறு, பிரி அறுந்த கயிறு ஆகியவற்றை விலக்குக. கயிற்றில் இடும் முடிச்சு அதன் வலிமையில் ஏறத்தாழப் பாதியைக் குறைத்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க. இரு துண்டுக் கயிறுகளை முடிந்து ஒன்றாக்குவது கூடவே கூடாது; அம்முடிச்சு கப்பியிலும் சிக்கிக்கொள்ளும்.

அமைக்கும் முறை

முதலாவது, பரண் தளத்தில் 90 சென்டிமீட்டர் சதுரமான திறப்பு ஒன்றை அமைக்க வேண்டும். தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை அறுத்துவிடாமல், அவற்றின் இடையே இடம் தேர்வது முறை. அறுத்தே ஆகவேண்டுமானால், அறுபட்ட முனைகளை இணைத்துக் குறுக்கே வலுவான சட்டம் பொருத்திய பின்னரே மேற்கொண்டு செல்ல வேண்டும்.

இரண்டாவது, திறப்பிற்கு மேலே, கொட்டகையின் இரு தூண்களுக்கு இடையே உத்திரத்தை வைக்க வேண்டும். தூண்களின் இடைவெளி 2.4 மீட்டரைத் தாண்டலாகாது. உத்திரத்தின் 6 அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்கட்டும். அதே மரத்தைப் படுக்கவைப்பதைவிட நிமிர்த்தி வைத்தால் ஒன்றரை மடங்கு வலிமை கிடைக்கும். பரண் தளத்திற்கும் உத்திரத்திற்கும் இடையே குறைந்தது 1.8 மீட்டர் உயரம் வேண்டும். இல்லையேல் மூட்டை தளத்திற்கு மேலே எழும்புமுன் கப்பிகள் ஒன்றையொன்று முட்டிவிடும். உத்திரம் தூணின் தலையில் அமர்ந்திருத்தல் வேண்டும். ஆணிகளை மட்டும் நம்பிப் பக்கவாட்டில் தொங்கலாகாது.

மூன்றாவது, கப்பிகளைப் பொருத்துவோம். திறப்பின் நடுவிற்கு நேர் மேலே ஒரு நிலைக்கப்பி. அதன் அருகிலேயே கயிற்றின் முனையைக் கட்டும் வளையம். தூணை ஒட்டிய உத்திர முனையில் இரண்டாவது நிலைக்கப்பி. மூன்றாவது கப்பிதான் சுமையுடன் ஏறி இறங்கும் இயங்கு கப்பி. கொக்கியை அதில் மாட்டுக. வளையத்தில் கட்டிய கயிறு கீழிறங்கி, இயங்கு கப்பியைச் சுற்றி மேலேறி, முதல் நிலைக்கப்பி வழியே உத்திரத்தை ஒட்டிச் சென்று, இரண்டாவது நிலைக்கப்பியில் திரும்பி, தூணின் ஓரமாகத் தளத்தில் இட்ட சிறு துளை வழியே தரையிலுள்ள உருளைக்கு வரும். கப்பிகளையும் வளையத்தையும் உத்திரத்தை முற்றாகத் துளைத்துச் செல்லும் போல்ட்டுகளால் முடுக்க வேண்டும். திருகாணிகள் நாளடைவில் பிடுங்கிக்கொள்ளும்.

நான்காவது, கொட்டகைத் தூணிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளித் துணைத்தூணை ஆழமாக நட்டு, இரண்டுக்கும் இடையே உருளையைப் பொருத்த வேண்டும். அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் குனியாமலும் எக்காமலும் சுழற்றலாம். உருளை அச்சின் மேல் தனியே சுழன்றுவிடாதபடி, இரண்டையும் சேர்த்துத் துளைத்து ஒரு போல்ட்டால் பிணைக்க வேண்டும். கயிற்றின் முனையை உருளையில் போல்ட்டிட்டு இறுக்குக. சுமை தரையில் இருக்கும்பொழுதும் உருளையில் மூன்று சுற்றுக் கயிறு எஞ்சியிருத்தல் வேண்டும். அந்த மூன்று சுற்றுகளே கயிற்று முனையைக் காக்கின்றன.

பொறியின் உயிர்நாடி

இனி, இப்பாடத்தின் தலையாய பகுதிக்கு வருகிறோம்.

தோட்டம் ஒன்றில் மாட்டுக்கொட்டகையைப் பார்க்கச் சென்றிருந்தோம். பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் கையாலேயே செய்த பாரந்தூக்கியை நமக்குக் காட்டினார். உருளை வழவழப்பாக இழைக்கப்பட்டிருந்தது, கப்பிகள் எண்ணெயிட்டுப் பளபளத்தன, கயிறும் புதியது. ஆனால், அவருடைய வலக்கை மணிக்கட்டு சற்றே கோணியிருந்தது. காரணம் கேட்டோம். “மூட்டை பாதி வழியில் நின்றது. பேரன் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பினேன், கை நழுவியது. ஏற்றும்போது கை வலித்தது, தம்பி, அவ்வளவுதான். கை விட்ட நேரத்தில்தான் எலும்பு ஒடிந்தது” என்றார். விழுந்த மூட்டையின் கீழே எவரும் இல்லாதது அக்குடும்பத்தின் நற்பேறு.

அவருடைய பொறியில் எல்லாம் இருந்தன; தடைநாக்கு மட்டும் இல்லை. இன்று இருக்கிறது. விபத்திற்குப் பின் அவரே பொருத்தியது அது.

கைப்பிடியை விட்டவுடன் சுமை கீழே பாய, உருளை மின்விசிறிபோல் சுழல்கிறது. அதனுடன் சுழலும் இரும்புக் கைப்பிடி, எதிர்ப்படும் கையையோ தாடையையோ விட்டுவைப்பதில்லை. இதனைத் தடுப்பதே பற்சக்கரத்தின் வேலை. ஒரு பக்கம் சாய்ந்த பற்களையுடைய சக்கரத்தின்மேல் இரும்பு நாக்கு ஒன்று தன் எடையாலேயே படிந்திருக்கும். ஏற்றும் திசையில் பற்கள் நாக்கைத் தள்ளிக்கொண்டு ‘டக் டக்’ என நகரும். எதிர்த்திசையில் நாக்கு பல்லில் மாட்டிக்கொண்டு உருளையை அசையவிடாது. சுமை அங்கேயே நிற்கும்.

இரும்புப் பற்றவைக்கும் பட்டறையில் 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டில், 16 சென்டிமீட்டர் குறுக்களவில், பன்னிரண்டு பற்களுடன் இதனை வெட்டித் தரச் சொல்லலாம். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறோம்: பற்சக்கரம் உருளையுடன் பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும், கைப்பிடியுடன் அன்று. கைப்பிடி கழன்று கையோடு வந்தாலும் உருளை நிற்க வேண்டும் அன்றோ? நாக்கின் மறு முனை துணைத்தூணில் முழுப் போல்ட்டால் பொருத்தப்படட்டும்.

பணம் போதவில்லை எனில் எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம், தடைநாக்கைத் தள்ளிப்போடலாகாது. அஃது இல்லாத பொறியை ஒரு நாள்கூட இயக்க வேண்டாம்.

ஏற்றலும் இறக்கலும்

மூட்டையின் காதில் கொக்கியை மாட்டலாகாது, காது கிழிந்துவிடும். 60 சென்டிமீட்டர் சதுரப் பலகைத் தட்டு ஒன்றின் நான்கு மூலைகளிலும் கயிறு கட்டி, அவற்றை ஒன்றாகக் கொக்கியில் மாட்டி, தட்டின் மேல் மூட்டையைப் படுக்கவைத்து ஏற்றுக.

தட்டு பரண் தளத்திற்கு மேல் ஒரு சாண் உயர்ந்தவுடன் நிறுத்தி, நாக்கு பல்லில் நன்கு படிந்ததைப் பார்க்க வேண்டும். பின்னர், பரணில் இருப்பவர் திறப்பின் இரு விளிம்புகளிலும் அடித்துள்ள சட்டங்களின் மீது 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக நழுவவிட்டுத் திறப்பை மூடிவிட வேண்டும். மூடிய பலகையின் மேல் தட்டை இறக்கிய பிறகே மூட்டையைத் தொடுக. திறந்த துளையின் ஓரத்தில் நின்று எட்டி இழுத்தவர்கள் மூட்டையுடன் தாமும் கீழே விழுந்திருக்கிறார்கள். திறப்பின் மூன்று பக்கங்களிலும் ஒரு மீட்டர் உயரக் கைப்பிடிச் சட்டமும், நான்காம் பக்கத்தில் கழற்றக்கூடிய குறுக்குத் தடியும் இருத்தல் கட்டாயம்.

இறக்குதல், ஏற்றுவதினும் கவனம் வேண்டும் வேலை. ஒருவர் இரு கைகளாலும் கைப்பிடியைப் பற்றிக் கால் சுற்று மேலேற்ற, மற்றவர் நாக்கைத் தூக்கிப் பிடிப்பார். பிறகு சுற்றுச் சுற்றாகக் கைப்பிடியை விடாமலே இறக்க வேண்டும். கை களைத்தால் நாக்கை உடனே விழவிட்டு இளைப்பாறுக. “விட்டால் தானே இறங்கிவிடும்” என்னும் அவசரமே விபத்தின் தாய்.

முதல் சோதனை

பொறி முடிந்த அன்றே பரணுக்கு மூட்டை ஏற்றிவிட வேண்டாம். முதலில் 75 கிலோ மணல் மூட்டைகளைத் தட்டில் வைத்துத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் உயர்த்தி, தடைநாக்கில் நிறுத்தி, அரை மணி நேரம் விட்டுவிடுக. பிறகு உத்திரம் வளைந்ததா, போல்ட்டுகள் நெகிழ்ந்தனவா, துணைத்தூண் அசைந்ததா, முடிச்சு நழுவியதா எனப் பார்த்து, குறையிருப்பின் களைந்து மீண்டும் சோதிக்க வேண்டும். சோதனை 75 கிலோவிற்கு எனினும், பயன்பாடு 50 கிலோவைத் தாண்டலாகாது. அந்த அளவைத் தூணில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தல் நலம். மாதம் ஒரு முறை கயிறு முழுவதையும் கைவிரலால் தடவிப் பார்த்து, அச்சுக்கும் கப்பிகளுக்கும் எண்ணெய் இடுக.

மறவாமல் கைக்கொள்ள வேண்டியவை

சுமை தொங்கும்பொழுது அதன் கீழே எவரும் நிற்கவோ நடக்கவோ கூடாது. தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று இட்டு, அதற்குள் குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் விடாமல் காக்க வேண்டும்.

மனிதரை ஏற்றலாகாது. விளையாட்டிற்காகக் குழந்தையைத் தட்டில் உட்காரவைப்பதும் கூடாது. வேலை முடிந்ததும் கைப்பிடியைக் கழற்றி வீட்டிற்கு எடுத்துச் சென்றுவிடுக.

ஏற்றுவது எளிதாகிவிட்டது என்பதற்காகப் பரணை நிரப்பிவிடவும் கூடாது. பத்து மூட்டை என்பது 500 கிலோ. முன்பு தோள் வலி நமக்கு எல்லை காட்டியது. இனி நாமே எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். மூட்டைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், தூண்களை ஒட்டிப் பரவலாக அடுக்குக. களைக்கொல்லியையும் பூச்சி மருந்தையும் உணவுப் பொருளுடன் ஒரே பரணில் வைத்தல் ஆகாது.

தோட்ட நிர்வாகத்திற்குரிய கட்டடமாயின் அனுமதி பெற்ற பின்னரே இதனை அமைக்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் தொழிற்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பெற்று, 2024 சூன் 1 முதல் மேலும் பல வேலையிடங்களுக்கு விரிவாக்கப்பட்டுள்ளது. நம் பாதுகாப்பைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. பாதுகாப்பு விதிகளைக் கைக்கொள்வது நம் கடமை.

வெள்ளம் பெருகத் தொடங்கியபின் பாரந்தூக்கியின் அருகே நின்றுகொண்டிருக்கவும் வேண்டாம். அது மழைக்கு முன்னர்ப் பயன்படுத்த வேண்டிய பொறி. நீர் வாசலைத் தொட்டுவிட்டால், பிறப்புப் பத்திரங்களையும் அடையாள அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு, மூட்டைகளை மறந்து, குழந்தைகளுடன் மேட்டிற்குச் செல்வதே அறிவுடைமை. அரிசியை மீண்டும் வாங்கலாம்.

ஒரு கயிறு, மூன்று கப்பி, ஓர் உருளை, ஒரு சிறு இரும்பு நாக்கு. இவற்றைக்கொண்டு நம் முதுகையும் நம் பிள்ளைகளின் முதுகையும் காக்க முடியும். மனிதக் கை களைக்கும், கவனம் சிதறும், அது குற்றமன்று, இயல்பு. அவ்வியல்பை முன்னரே எண்ணி, கை நழுவினாலும் சுமை நழுவாதபடி அமைக்கப்பட்டதே நல்ல பொறி. அடுத்த மழைக்காலத்திற்குள் நம் கொட்டகைகளில் அத்தகைய பொறி ஒன்று எழட்டும்.